தெருவின் குரலும் ஆக்கியோன் பெயரும்

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாகப் பகுத்துப் போற்றிய நம் முன்னோர், இசையை நடுவில் வைத்தனர். ஆயினும் இன்றைய கல்லூரித் தமிழ்த்துறைகளில் இயற்றமிழ் இருக்கும் அரியணைக்கு அருகில் இசைத்தமிழுக்கு ஒரு முக்காலிகூடப் போடப்படுவதில்லை. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையைப் பொருள் சொல்லி நடத்துகிறோம். அது பாடப்பட்டது என்பதை மறந்துவிடுகிறோம். இக்குறையை நான் பிறர்மீது சுமத்தவில்லை. என்மீதே சுமத்திக்கொள்கிறேன். அதற்குக் காரணமான நிகழ்ச்சியைச் சொல்லிவிட்டுக் கட்டுரைக்குள் செல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு இளங்கலை மூன்றாமாண்டு மாணவர் ஒருவர், ஆய்வேட்டுத் தலைப்போடு என்னிடம் வந்தார். விசைத்தறிக் கூடத்தில் இரவுப் பணி செய்துவிட்டுக் காலையில் வகுப்புக்கு வருபவர். ‘என்ஜாய் எஞ்சாமி’ என்னும் பாடலைப் பற்றி எழுத விரும்புவதாகக் கூறினார். நான் அவரை முழுமையாகப் பேசக்கூட விடவில்லை. “தலைப்பிலேயே பாதி ஆங்கிலம் இருக்கிறது, இது இலக்கியமன்று, இரைச்சல். வேறு தலைப்புக் கொண்டுவா” என்று அனுப்பிவிட்டேன். அவர் மறுநாளே எவர்க்கும் இடையூறில்லாத ஒரு தலைப்போடு வந்தார், எழுதினார், நல்ல மதிப்பெண்ணும் பெற்றார். அந்த ஆய்வேட்டில் அவருடைய உயிர் இல்லை என்பதை நான் படிக்கும்போதே உணர்ந்தேன். பின்னர் ஒரு விடுமுறை நாளில் அப்பாடலை முழுமையாகக் கேட்டேன். அதைப் பாடிய இளைஞரின் பிற பாடல்களையும் கேட்டேன். கேட்ட பிறகு, நான் மறுத்தது ஒரு தலைப்பை மட்டுமன்று என்பது விளங்கிற்று. அந்த விளக்கமே இக்கட்டுரை.

தனியிசை என்னும் தனிவழி

தமிழ்நாட்டில் ‘பாட்டு’ என்றால் திரைப்பாட்டு என்றே பொருள் கொள்ளும் நிலை ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாக நிலவுகிறது. திரைப்படம் என்னும் பெருந்தேரில் ஏறாமல், தம் சொல்லையும் இசையையும் நம்பித் தனியே நடப்பவரை இக்காலத்தில் ‘சுயாதீன இசைக்கலைஞர்’ என்கின்றனர். ‘தனியிசையாளர்’ என நாம் வழங்கலாம்.

இவ்வழி புதியதன்று. நம் சமுதாயத்துப் பெரியவர்கள் நாகூர் இ.எம். ஹனீபா அவர்களை மறந்திருக்க மாட்டார்கள். 1925-இல் பிறந்து 2015-இல் மறைந்த அப்பெருமகனார், திரையில் பாடியது மிகச் சிலவே. மீலாது மேடைகளிலும் தர்கா விழாக்களிலும் திராவிட இயக்க மாநாடுகளிலும் பாடியே ‘இசைமுரசு’ ஆனார். கடல் கடந்த தமிழரிடையிலும் இவ்வழி உண்டு. இலங்கையில் 1970-களில் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பைலா இசையையும் மேலைத் துள்ளிசையையும் தமிழோடு இணைத்துப் ‘பொப்’ பாடல் என ஒரு வகையையே நிலைநாட்டினர். மலேசியத் தமிழிளைஞர்களான யோகி பி – நட்சத்ரா குழுவினர் 2006-இல் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பு, ‘ராப்’ எனப்படும் சொல்லிசையைத் தமிழில் வேரூன்றச் செய்தது.

சொல்லிசை என்பது அமெரிக்காவின் நியூயார்க் நகரில், பிராங்ஸ் பகுதியில், 1970-களின் தொடக்கத்தில் கறுப்பின இளைஞர்களிடையே பிறந்தது. பெரிய கருவிகளை வாங்க வசதியற்றவர்கள், இசைத்தட்டில் சுழலும் தாளத்தின்மீது தம் வாழ்வை எதுகை மோனையோடு அடுக்கிச் சொன்னார்கள். எதுகையும் மோனையும் தமிழர்க்குப் புதியனவா? அவ்விதை நம் மண்ணில் விழுந்தபோது முளைத்தது வியப்பன்று. இவ்வளவு காலம் தாழ்த்ததே வியப்பு.

அரக்கோணத்திலிருந்து ஒரு குரல்

இக்கட்டுரையின் நாயகர் அறிவு. அறிவரசு கலைநேசன் என்பது முழுப்பெயர். இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்து அரக்கோணத்தைச் சேர்ந்தவர். பொறியியலும் பின்னர் மேலாண்மையும் படித்தவர். தமிழ் இலக்கியத்தைப் பாடமாகப் படிக்காத அவர் தமிழ்ச் சொல்லைக் கையாளும் திறம், அதைப் பாடமாகப் படித்த நம்மைத் தலைகுனியச் செய்யும்.

இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 2017-இல் உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் இசைக்குழுவில் அவர் இணைந்தார். ‘சாதியற்றோர் கூட்டு’ என்பது அதன் பொருள். அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து பெறப்பட்ட பெயர் அது. 2018 சனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அக்குழுவின் முதல் மேடை அமைந்தது. வடசென்னையின் கானா, பறை, மேலை நாட்டுக் கிதார், முரசு, சொல்லிசை ஆகியன அனைத்தும் ஒரே மேடையில் ஒலித்தன. இறந்தவர் வீட்டு வாசலில் மட்டும் பாடத்தக்கதென ஒதுக்கப்பட்டிருந்த கானா, மாநகரின் மேடையில் தலைநிமிர்ந்து நின்றது.

கானாவைக் கேட்டு முகம் சுளிக்கும் நம் சமுதாயப் பெரியவர்களுக்கு ஒரு செய்தி. அது செழித்த வடசென்னைப் பகுதியில்தான் குணங்குடி மஸ்தான் சாகிபு வாழ்ந்து அடக்கமானார். தொண்டியிலிருந்து வந்தவராதலின் அவர் ‘தொண்டியார்’ எனப்பட்டார் என்றும், அப்பெயராலேயே தண்டையார்பேட்டை அமைந்தது என்றும் கூறுவர். கற்றவரும் கல்லாதவரும் ஒருசேரப் பாடிய அவர்தம் பாடல்கள் ஒலித்த தெருக்களே பின்னாளில் கானா ஒலித்த தெருக்கள்.

தெருக்குறள்

2019-இல் அறிவு, ஆஃப்ரோ என்னும் இசையமைப்பாளரோடு இணைந்து ‘தெருக்குறள்’ என்ற தொகுப்பை வெளியிட்டார். பெயரைக் கேட்டதும் எனக்குச் சினமே வந்தது. திருக்குறளைக் கேலி செய்கிறார் என எண்ணினேன். கேட்ட பின்னரே அதன் நுட்பம் புரிந்தது. ‘திரு’ இருந்த இடத்தில் ‘தெரு’ வந்து நிற்கிறது. குறள் இறங்கவில்லை; தெரு உயர்ந்தது.

அத்தொகுப்பில் 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த பதின்பருவப் பெண் ஸ்னோலினின் பெயராலேயே ஒரு பாடல் உண்டு. அந்நிகழ்வில் இறந்தோர் பதின்மூவர். செய்தித்தாளில் எண்ணாகிப் போனவரைப் பாட்டு மீண்டும் பெயராக்குகிறது. இந்நாட்டுக்கு உரியவர் யார், அயலார் யார் என வினவும் பாடல் ஒன்றும் உண்டு. 2019–20-இல் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திற்கு எதிராக நாடெங்கும் மக்கள் திரண்டபோது, அறிவும் ஆஃப்ரோவும் பாடிய ‘சண்ட செய்வோம்’ என்னும் பாடல் ஊர்தோறும் பரவியது. நம் தெருக்களில் பெரியவர்கள் ஆவணங்களைத் தேடிப் பெட்டிகளைத் திறந்துகொண்டிருந்த நாள்கள் அவை. அரக்கோணத்து இளைஞர் ஒருவர் நம் அச்சத்தைத் தம் அச்சமாக எண்ணிப் பாடினார் என்பதை நன்றியுடன் குறிப்பிடுவது நம் கடமை.

‘கருத்துச் சரி; ஆனால் மொழி கொச்சையாக இருக்கிறதே’ என்று புலவர் பெருமக்கள் கேட்பார்கள். நானும் கேட்டவனே. விடையைத் தொல்காப்பியத்தில் கண்டேன். செய்யுளியலில் வனப்பு எட்டு எனத் தொல்காப்பியர் வகுப்பதை நாம் ஆண்டுதோறும் மனப்பாடம் செய்விக்கிறோம். அவற்றுள் ‘விருந்து’ என்பது புதிதாகப் புனையப்படும் யாப்பு வகை. ‘புலன்’ என்பதோ சேரி மொழியால், தேடிப் பொருள் காண வேண்டாதபடி தெளிவாக அமைவது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டதெனப் போற்றப்படும் இலக்கண நூல், புதியதையும் வனப்பு என்றது. மக்கள் பேச்சில் அமைந்ததையும் வனப்பு என்றது. தொல்காப்பியர் திறந்துவைத்த வாயிலை அடைத்துத் தாழிட்டவர்கள் அவருக்குப் பின்வந்த நாமேயன்றி வேறு யார்?

தேயிலைத் தோட்டத்துப் பாட்டி

2021 மார்ச்சு 7 அன்று ‘என்ஜாய் எஞ்சாமி’ வெளியாயிற்று. ஏ.ஆர். ரகுமான் துணைநின்ற ‘மாஜா’ என்னும் தனியிசை அமைப்பின் வழியே வந்தது. பாடியவர்கள் தீ, அறிவு ஆகிய இருவர். இசைப்படுத்தியவர் சந்தோஷ் நாராயணன். யூடியூபில் நாற்பது கோடி முறைக்கும் மேல் அப்பாடல் காணப்பட்டுள்ளது. திரைப்படத்தின் துணையின்றி ஒரு தமிழ்ப் பாடல் இவ்வளவு தொலைவு சென்றதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மழலையர் துள்ளி ஆடும் அப்பாடலின் அடியில் கிடப்பது பெரும் துயரம். தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வே பாடலின் வேர் என அறிவு கூறியிருக்கிறார். நிலமற்ற உழவர் குடியினர், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து, பின்னர்த் திருப்பி அனுப்பப்பட்டு, மீண்டும் நிலமற்றவராய்த் தாய்நாடு சேர்ந்த கதை அது.

இவ்வரலாற்றை நம் மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இலங்கை மலைகளில் முதலில் காப்பித் தோட்டங்களையும், இலைநோயால் காப்பி அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களையும் அமைத்தனர். உழைப்பதற்குக் கங்காணிகள் மூலம் தமிழகத்திலிருந்து ஆள் சேர்த்தனர். திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சை மட்டுமன்றி நம் சேலம் மாவட்டமும் அவ்வாறு ஆள் கொடுத்த மாவட்டமே. நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல்தான்; அதற்கு முன் நம் ஊரும் சேலத்தைச் சேர்ந்தது. எனவே அக்கப்பலில் ஏறியவர்களுள் நம் பக்கத்து ஊரார் இருந்தனர் என்பதை மறத்தல் கூடாது. 1948-இன் குடியுரிமைச் சட்டம் அவர்தம் வழிவந்தோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையொப்பமான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974-இல் பாதிக்குப் பாதியாகப் பிரித்தனர். மனிதரை நெல் மூட்டைபோல் எண்ணிப் பகிர்ந்த கணக்கு இது.

அம்மலைநாட்டு மக்கள் பாடிய பாடல்களை இலங்கையில் சி.வி. வேலுப்பிள்ளை போன்றோர் அரும்பாடுபட்டுத் தொகுத்தனர். ஏட்டில் இருந்த அப்பாடல்களைத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் படித்தோம்? அதே மக்களின் வாழ்வை ஒப்பாரியின் விம்மலும் சொல்லிசையின் வேகமும் கலந்து அறிவு பாடியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. தலைப்பில் உள்ள ‘என்ஜாய்’ என்னும் ஆங்கிலச் சொல்லை அப்பாட்டியின் கொஞ்சுமொழியான ‘என் சாமி’ உள்வாங்கிக்கொள்கிறது. தோட்டத்துரையின் மொழியைத் தோட்டத் தொழிலாளியின் பேரன் எடுத்துத் தன் பாட்டியின் மடியில் வைக்கிறான். ‘பாதி ஆங்கிலம்’ என்று நான் ஒதுக்கிய தலைப்பின் பொருள் இதுவே.

கலப்பு, களங்கமா?

நம் ஊரார்க்குத் தறியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பாவு ஒரு நிறம், ஊடை மற்றொரு நிறம். இரண்டும் குறுக்கும் நெடுக்குமாகச் சேர்ந்தால்தான் கட்டம் போட்ட கைலி உண்டாகும். காவிரியின் அக்கரையில் பவானியில் நெய்யப்படும் ஜமக்காளத்தின் அழகு, நிறங்கள் ஒன்றையொன்று விழுங்காமல் அடுத்தடுத்து நிற்பதில் இருக்கிறது. கலப்பு என்றாலே களங்கம் என்பவர் ஒருநாள் தறிக்கூடத்தில் நின்று பார்த்தல் வேண்டும்.

நம் இசுலாமியத் தமிழிலக்கியம் இதற்குப் பெருஞ்சான்று. கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என ஐவகைப் புதிய சிற்றிலக்கியங்களைத் தமிழுக்குத் தந்தவர்கள் நம் புலவர்கள். அரபு, பாரசீக மரபுகளைத் தமிழ் யாப்பில் நெய்தனர். வண்ணப்பரிமளப் புலவரின் ‘ஆயிர மசலா’ 1572-இல் அரங்கேறியது. உமறுப்புலவர் 5027 பாடல்களில் சீறாப்புராணம் பாடினார். அதில் அரபு நாட்டை வருணிக்குமிடத்து மருத நிலத்து வயல்களும் வாய்க்கால்களும் வருகின்றன. பாலை மணலில் தமிழ்ப் புலவர் நாற்று நட்டார்! அன்றும் ‘இது தமிழா?’ என வினவியவர் இருந்திருக்கக்கூடும். இன்று அது நம் பாடத்திட்டத்தில் இருக்கிறது.

எனினும், எல்லாக் கலப்பையும் நான் போற்றவில்லை. பாவு விறைப்பாக நின்றால்தான் ஊடை படியும். பாவே இல்லாமல் நிறநிறமான நூலை வாரி எறிந்தால் கிடைப்பது துணியன்று, சிக்கல். ஆங்கிலச் சொற்களை அள்ளித் தெளித்து, தாளத்தைக் கூட்டி, பொருளின்றிக் கூச்சலிடும் பாடல்கள் இன்று மிகுதி. திரையில் உண்டு, தனியிசையிலும் உண்டு. அறிவின் பாடல்களில் பாவாக நிற்பது ஒப்பாரியும் கானாவும் பாட்டிமார் சொல்லும் கதையும். சொல்லிசை அதன்மேல் ஓடும் ஊடை. அதனால் அது நிற்கிறது.

பெரியவர்கள் சிலர் வேறொரு தடை எழுப்பக்கூடும். இசைக்கருவிகள் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டென்பதை அறிவேன். அத்துறையில் தீர்ப்புக் கூறும் தகுதி எனக்கில்லை. நான் பேசுவது சொல்லைப் பற்றி. சொல்லில் வாழும் மக்களைப் பற்றி. கருவியின் ஒலியை விரும்பாதவரும் சொல்லின் நீதியைச் செவிமடுக்கலாம் அல்லவா?

ஆக்கியோன் பெயர்

இனி, இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருகிறேன். அறிவின் வாழ்வில் புகழைப் போலவே புறக்கணிப்பும் ஒரு பகுதியாயிற்று.

2021 ஆகத்தில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில், அவர் பங்குபெற்ற பாடல்களுக்காகப் பாராட்டப்பெற்ற வேறு இருவர் படங்கள் இடம்பெற்றன. அறிவின் படம் இல்லை. பா. இரஞ்சித் உள்ளிட்டோர் கண்டித்தபின் அறிவுக்கெனத் தனியே ஓர் அட்டை மின்வடிவில் வெளியாயிற்று. 2022 சூலை 28 அன்று சென்னையில் நடைபெற்ற 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் ‘என்ஜாய் எஞ்சாமி’ பாடப்பட்டது. மேடையில் அறிவு இல்லை. சில நாள்களில் அவர் தம் சமூக ஊடகப் பக்கத்தில், கூட்டுழைப்பை மறுக்காமலே, அப்பாடலை யாத்தவரும் எழுதியவரும் பாடியவரும் தாமே என்றும், தம் மூதாதையரின் வரலாறு அது என்றும் எழுதினார். சந்தோஷ் நாராயணன் பாடல் உருவான முறையை விளக்கி, இசையமைப்பில் ஒவ்வொருவர் பங்கையும் எடுத்துரைத்து, உரிமையும் வருவாயும் மூவர்க்கும் சமம் என மறுமொழி தந்தார். தீயும் அறிவின் பங்கைத் தாம் எங்கும் மறைத்ததில்லை என விளக்கினார். 2024 மார்ச்சிலோ, அப்பாடலால் தங்கள் எவர்க்கும் வருவாய் கிட்டவில்லை எனச் சந்தோஷ் நாராயணனே வெளிப்படையாகக் கூறினார்.

இதில் தீர்ப்பு வழங்க நான் நடுவனல்லேன். மெட்டில் யார் பங்கு எவ்வளவு என்பதை அவ்வறையில் இருந்தவர்களே அறிவர். பாட்டு என்பது பலர் கைபட்டு உருவாவது. ஒருவரை உயர்த்த மற்றவரைத் தாழ்த்தலும் முறையன்று. ஆயினும் தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல எனக்கு உரிமையுண்டு.

பவணந்தி முனிவர் நன்னூலில் சிறப்புப்பாயிரம் உரைக்க வேண்டியவற்றை வரிசைப்படுத்துகிறார். நூலின் பெயர், வழி, எல்லை, பொருள், கேட்போர், பயன் எனப் பலவுண்டு. அவை எல்லாவற்றிற்கும் முன்னதாக அவர் வைத்தது ஆக்கியோன் பெயர். நூலின் பெயர்கூடப் பின்னரே வருகிறது. ஆக்கியவன் பெயரைச் சொல்லாமல் நூலைக் கையில் எடுப்பது முறையன்று என்பது தமிழ் மரபு.

அதனினும் சிறந்த சான்று சங்கத் தொகை நூல்களில் உண்டு. பாடியவர் பெயர் தெரியாத பாடல்கள் தொகுத்தோர் கைக்கு வந்தன. ‘யாரோ ஒருவர்’ என அவர்கள் எழுதிவிட்டுப் போகவில்லை. அப்பாடலின் அரிய தொடரையே எடுத்துப் புலவர்க்குப் பெயராகச் சூட்டினர். செம்புலப்பெயல்நீரார், ஓரேருழவர், குப்பைக்கோழியார் என்பன அவ்வாறு வந்த பெயர்கள். குப்பையில் சண்டையிடும் கோழியைப் பாடியவருக்கும் ‘ஆர்’ விகுதி சேர்த்து மதிப்பளித்த இனம் இது. பெயர் தொலைந்தவர்க்கும் பெயர் கொடுத்த மரபில் வந்தவர்கள், பெயர் உள்ளவரின் பெயரை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்துக்கொள்வது எவ்வாறு தகும்?

எவர் பெயர் எளிதில் விடுபடுகிறது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அரசர் பெயர் விடுபடுவதில்லை. கொடுத்தவர் பெயர் கல்லில் நிற்கிறது. விடுபடுவது உழைத்தவர் பெயர், ஒடுக்கப்பட்டவர் பெயர், பெண்களின் பெயர். அதனால்தான் 2024-இல் அறிவு வெளியிட்ட தொகுப்பின் தலைப்பு என்னை நெகிழச் செய்தது. ‘வள்ளியம்மா பேராண்டி’ என்பது அதன் பெயர். தம் பெயருக்காகக் குரல்கொடுத்தவர், தலைப்பில் தம் பெயரைப் பொறிக்கவில்லை. பாட்டியின் பெயரைப் பொறித்துத் தம்மை அவர் பேரன் என்று மட்டும் சொல்லிக்கொண்டார். கப்பலிலும் தோட்டத்திலும் வெறும் எண்ணாக இருந்திருக்கக்கூடிய ஒரு மூதாட்டி, இன்று ஒரு நூலுக்குரிய தலைப்பைப் போல் நிற்கிறார். இதனினும் சிறந்த பாயிரம் யாது?

‘மாஸ்டர்’, ‘சார்பட்டா பரம்பரை’ போன்ற படங்களுக்கும் அவர் எழுதியுள்ளாரே, பிறகெப்படித் தனியிசையாளர் என்பது என ஒருவர் வினவலாம். திரையில் எழுதுவது பிழைப்புக்கும் வழி, அதில் இழிவில்லை. திரை தந்த புகழோடு அங்கேயே தங்கிவிடாமல், தம் கதையைச் சொல்லத் தம் தொகுப்புக்கே மீண்டும் வந்தார் என்பதே நோக்கத்தக்கது.

நம் வீட்டுப் பாடல்கள்

அறிவின் பாட்டியைப் பற்றிக் கேட்டபோது என் பாட்டியார் நினைவுக்கு வந்தார். குமாரபாளையத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, இராட்டையில் தார் சுற்றியபடி அவர் பாடுவார். பேரக்குழந்தைகளை மடியில் கிடத்திப் பாடுவார். அப்பாட்டில் நபிமார் பெயரும் வரும். நாடாவும் பாவும் வரும். காவிரியில் வெள்ளம் வந்த ஆண்டும் வரும். தமிழும் அரபும் தறியின் தாளமும் அதில் கலந்திருந்தன. அவரும் ஒரு கலப்பிசைக் கலைஞரே. ஆனால் அப்பெயரை அவர்க்குச் சூட்ட வேண்டும் என எவர்க்கும் தோன்றவில்லை.

நான் எம்.ஃபில். பட்டத்திற்காகச் சீறாப்புராணத்து வருணனைகளை ஆராய்ந்துகொண்டிருந்த நாள்களில் அவர் உயிருடன் இருந்தார். அடுத்த அறையில் பாடிக்கொண்டும் இருந்தார். நூலகத்தில் நாள்முழுதும் அமர்ந்து குறிப்பெடுத்த நான், அவர் பாடியதில் ஓர் அடியைக்கூட எழுதிவைக்கவில்லை. அது இலக்கியமென்று எனக்குத் தோன்றவில்லை. இன்று அவரும் இல்லை, பாட்டும் இல்லை. மெட்டின் நிழல் மட்டும் செவியில் நிற்கிறது. அந்த மாணவரை நான் திருப்பி அனுப்பியதும், என் பாட்டியாரின் பாட்டை எழுதாமல் விட்டதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

நம் ஊர்ச் சந்தையிலிருந்து செல்லும் துணியில் உற்பத்தியாளரின் முத்திரை இருக்கும். நெய்தவர் பெயர் இராது. பவானி ஜமக்காளத்திற்குப் புவிசார் குறியீடு கிடைத்து ஊரின் பெயர் சட்டத்தால் காக்கப்பட்டது. ஊர்ப் பெயர் காக்கப்பட்டது நன்று. நெய்த கையின் பெயரை யார் காப்பது? துணியில் முடியாதெனினும் பாட்டில் முடியும். அது தமிழ்த்துறையின் பணி.

ஆகவே துறையின் ஆசிரியப் பெருமக்களுக்கும் நிருவாகத்தினருக்கும் பணிவுடன் இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, மாணவர்கள் தனியிசைப் பாடல்களை ஆய்வேட்டுக்கு எடுக்க இசைவளித்தல் வேண்டும். எதுகை, மோனை, உவமை, உள்ளுறை ஆகியவற்றைக் கம்பனில் காணக் கற்ற மாணவர், அவற்றை அறிவிலும் காணட்டும். குறை கண்டால் அதையும் எழுதட்டும். இரண்டாவது, மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலோ தெருவிலோ உள்ள ஒரு மூதாட்டியிடம் ஒரு பாடலேனும் கேட்டு, அவர் இசைவுடன் எழுதிக் கொண்டுவரட்டும். தாலாட்டாகவோ ஒப்பாரியாகவோ தறிப்பாட்டாகவோ இருக்கலாம். எந்தச் சமயத்தவராகவும் இருக்கலாம். ஆனால் ஒரு கட்டுப்பாடு: தாளின் முதல் வரியில் பாட்டு இருத்தல் கூடாது. பாடியவர் பெயர் இருத்தல் வேண்டும். அடுத்து அவர் ஊர், தொழில், அகவை. அதன் பின்னரே பாட்டு. அத்தாள்களைக் கொண்டு அடுத்த ஆண்டு இம்மலரில் ஒரு பகுதியேனும் நிறைதல் வேண்டும் என்பது என் விருப்பம்.

நிறைவாக ஒன்று. அந்த மாணவர் இப்போது ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுதுகிறார். இக்கட்டுரையை எழுதத் தொடங்குமுன் அவரைத் தொலைபேசியில் அழைத்து, அன்று நான் செய்தது பிழை என்றேன். “அதனால என்னங்கய்யா, பரவாயில்லைங்க” என்றார். சற்றுப் பொறுத்து, “அந்தப் பாட்டு நோட்டு இன்னும் வீட்டுல இருக்குதுங்க” என்றார். தலைப்பு மறுக்கப்பட்ட பின்னும் அவர் தமக்காக எழுதிவைத்த குறிப்புகள் அவை. அக்குறிப்பேட்டைக் கொண்டுவருமாறு கேட்டிருக்கிறேன். அடுத்த மலரில் அது வெளியாகும்போது, கட்டுரைக்கு மேலே அவருடைய பெயர் முதலில் இருக்கும்.